ஆனைமுடித் தவளை ஏன் மலையை விட்டு இறங்குவதில்லை?

மூணாற்றை அடுத்த ஆனைமுடி 2,695 மீட்டர் உயரம். தென்னிந்தியாவில் இதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. அதன் உச்சியைச் சுற்றியுள்ள புல்வெளியில், கட்டைவிரலின் முதல் கணுவோடு ஒப்பிடக்கூடிய அளவில் ஒரு தவளை வாழ்கிறது. ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம். உடம்பில் மேடு மேடாகச் சுரப்பிகள். தவளை என்றதும் நினைவுக்கு வரும் நீண்ட பின்னங்கால்கள் இதற்கு இல்லை. குட்டைக் கால்களால் புல்லுக்கடியில் தவழ்ந்து போகிறது.

2010இல்தான் இந்தத் தவளைக்கு அறிவியல் பெயர் கிடைத்தது. அதன் பிறகு இது செய்தியில் வரும்போதெல்லாம் மூன்று சந்தேகங்கள் எழுகின்றன. புதிய இனம் என்றால் புதிதாகத் தோன்றிய உயிரா? ஒரே உச்சியில் அடைந்து கிடக்காமல் பக்கத்து மலைக்குப் போக அதற்கு என்ன தடை? தேசியப் பூங்காவுக்குள்தானே இருக்கிறது, அப்புறம் என்ன ஆபத்து?

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. ஆனால் முதல் இரண்டுக்கும் விடை தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

## பெயரும் ஆளும்

இதன் அறிவியல் பெயர் ராவோர்செஸ்டஸ் ரெஸ்பிளெண்டென்ஸ். இரண்டாவது சொல்லுக்கு லத்தீனில் 'ஒளிர்வது' என்று பொருள். நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். முதல் சொல்லுக்கு ஒரு கதை உண்டு. பெங்களூரில் பணியாற்றிய சி.ஆர். நாராயண ராவ், இந்தியத் தவளைகளை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர். 'கரண்ட் சயின்ஸ்' இதழின் முதல் ஆசிரியரும் அவரே. தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜுவும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஆனைமுடித் தவளையை விவரித்த கட்டுரை வெளியானது அதே 'கரண்ட் சயின்ஸ்' இதழில். அந்தக் கட்டுரையிலேயே, மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகளுக்கென ஒரு தனிப் பேரினத்தை உருவாக்கி, அதற்கு ராவின் பெயரைச் சூட்டினார்கள். இன்று எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் இந்தப் பேரினத்தில் இருக்கின்றன. உச்சியில் வாழும் இந்தச் சிறிய தவளையின் கட்டுரைதான் அத்தனைக்கும் குடும்பப் பெயர் கொடுத்தது.

புதர்த்தவளைகளில் பெரும்பாலானவை பெயருக்கேற்பப் புதரிலும் இலையிலும் மூங்கிலிலும் ஏறி வாழ்பவை. விரல் நுனியில் ஒட்டும் வட்டுகள், தாவுவதற்கேற்ற கால்கள் என்று மரமேறும் உடல்வாகு. ஆனைமுடித் தவளை இந்தக் குடும்பத்தில் பிறந்தும் தரைவாசியாகிவிட்டது. மரமே இல்லாத உச்சியில் மரமேறும் காலுக்கு வேலையில்லை. அடர்ந்த புல்தூர்களின் இடுக்கில் புகுந்து போக நீளக் கால் இடைஞ்சல்தான்.

முதுகிலும் பக்கவாட்டிலும் தெரியும் மேடுகளைப் பெருஞ்சுரப்பிகள் என்பார்கள். தவளைத் தோலில் பொதுவாக இரண்டு வகைச் சுரப்பிகள் இருக்கும். ஒன்று ஈரத்தைக் காக்கும் சளியைச் சுரக்கும். மற்றது எதிரிக்குப் பிடிக்காத கசப்பையோ நஞ்சையோ சுரக்கும். தோல் வழியாக மூச்சு விடுவதும், வயிற்றுத் தோலால் தண்ணீர் உறிஞ்சுவதும் தவளையின் வழக்கம். ஆகவே ஒரு தவளைக்கு ஈரம் என்பது குடிநீர், காற்று இரண்டுமே. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

## 'புதிய இனம்' என்றால்

புதிதாக விவரிக்கப்பட்ட இனம் என்பதே சரியான பொருள். ஓர் உயிரினத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டும் அடையாளங்களை எழுதி, மாதிரியைப் பாதுகாத்து, பெயரிட்டு வெளியிட்ட நாளிலிருந்து அது அறிவியலுக்குப் 'புதியது'. உயிர் என்னவோ லட்சக்கணக்கான ஆண்டுகளாக அங்கேதான் இருக்கிறது.

இவ்வளவு தாமதம் ஏன்? புதர்த்தவளைகள் ஒன்றைப்போல ஒன்று இருக்கும். ஒரே இனத்துக்குள்ளேயே பச்சை, பழுப்பு, கோடு போட்டது என நிறம் மாறும். அதனால் அருங்காட்சியகப் புட்டிகளில் பல இனங்கள் ஒரே பெயரில் கிடந்தன. ஆணின் அழைப்பொலியைப் பதிவு செய்து ஒப்பிடுவதும் மரபணுவைப் படிப்பதும் வழக்கமான பிறகுதான் சிக்கல் அவிழத் தொடங்கியது. 2009இல் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஒரே கட்டுரையில் பன்னிரண்டு புதர்த்தவளைகள் விவரிக்கப்பட்டன. 136 ஆண்டுகளாக யாரும் பார்க்காத சலாசோடஸ் புதர்த்தவளை மறுபடி கண்டுபிடிக்கப்பட்ட செய்தி 2011இல் வந்தது. தேடுகிற கண் போய்ச் சேராத இடங்கள் இந்த மலையில் இன்னும் நிறைய இருக்கின்றன.

## கடல் இல்லாத தீவுகள்

இப்போது இரண்டாவது கேள்வி. பக்கத்து மலைக்குப் போக என்ன தடை?

வேலியும் இல்லை, ஆறும் இல்லை. தடை வெப்பம்தான். மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறு முதல் ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். அதையே திருப்பிப் பார்த்தால், உச்சியில் வாழும் தவளை ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஆறு டிகிரி கூடுதலான உலகத்துக்குள் நுழைகிறது. அங்கே காற்றின் ஈரம் வேறு, மண் வேறு, செடி வேறு, போட்டி போடும் தவளைகளும் வேறு. ஒரு மீன் தரையைக் கடந்து அடுத்த குளத்துக்குப் போக முடியாததுபோல, குளிருக்குப் பழகிய உயிர் சூடான பள்ளத்தாக்கைக் கடந்து அடுத்த உச்சிக்குப் போக முடியாது. இப்படிப்பட்ட உச்சிகளை உயிரியலாளர்கள் 'வானத் தீவுகள்' என்கிறார்கள்.

இந்தத் தீவுகள் எப்படி உருவாயின?

1. கடைசிப் பனியுகம் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உச்சத்தில் இருந்தது. குளிர் தாழ்வான இடங்களுக்கும் இறங்கியது. குளிர்விரும்பி உயிர்கள் பரவ இடம் கிடைத்தது.

2. பூமி சூடானதும் குளிர்ப்பகுதி மலையேறத் தொடங்கியது. உயிர்களும் கூடவே ஏறின. ஒவ்வொரு மலையிலும் ஏறிய கூட்டம் தனித்தனியாகப் பிரிந்தது. பனியுகம் வருவதும் போவதும் பலமுறை நடந்த கதை. ஒவ்வொரு முறையும் சேர்க்கையும் பிரிவும் நடந்திருக்கும்.

3. பிரிந்த கூட்டங்களுக்குள் இனக்கலப்பு இல்லை. ஒவ்வொன்றும் தன் போக்கில் மாறுகிறது. போதிய காலம் கழிந்தால் அவை வெவ்வேறு இனங்கள்.

4. சில தடைகள் பனியுகங்களையும் தாண்டி நிற்பவை. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடரையே வெட்டிப் பிரிக்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. தெற்கே இன்னும் போனால் செங்கோட்டைக் கணவாய். புதர்த்தவளைகளின் மரபணுவை மலைத்தொடர் நெடுக ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வு, இந்தப் பள்ளங்களும் பழைய பருவநிலை மாற்றங்களும் உயர வேறுபாடுகளும் சேர்ந்தே இவ்வளவு இனங்களைப் பிரித்தெடுத்தன என்று காட்டியது.

இறக்கை உள்ளவற்றுக்கே இந்தத் தடை பொருந்துகிறது. சோலைக்கிளி எனப்படும் சின்னஞ்சிறு நீலப்பறவையில் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓர் இனம், தெற்கே வேறோர் இனம். பறக்கும் பறவையே கடக்காத பள்ளத்தைத் தவழும் தவளை எங்கே கடப்பது?

## குளமில்லாத ஊரில் குஞ்சு பொரிப்பது

தவளையின் வாழ்க்கையைப் பள்ளியில் படித்திருப்போம்: தண்ணீரில் முட்டை, முட்டையிலிருந்து தலைப்பிரட்டை, அது வாலிழந்து தவளை. ஒரு மலையுச்சியில் இந்த வரிசை முதல் படியிலேயே நின்றுபோகும். மழை நிறையப் பெய்யும்; ஆனால் சரிவில் விழுந்த தண்ணீர் ஓடிவிடும். தலைப்பிரட்டை வளர வாரக்கணக்கில் நீர் தேங்கி நிற்க வேண்டும். உச்சிப் பாறையில் தேங்கும் குட்டை இரண்டு வெயிலில் காய்ந்துவிடும். ஓடையில் முட்டையிட்டால் வெள்ளம் அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்தாக்கில் தள்ளும்.

ராவோர்செஸ்டஸ் பேரினத் தவளைகள் இந்தச் சிக்கலைத் தலைப்பிரட்டையையே தவிர்த்துத் தீர்த்துக்கொண்டன. பெண் தவளை ஈரமான தரையிலோ இலையிலோ சில பத்து முட்டைகளை மட்டும் இடும். குளத்துத் தவளை ஆயிரக்கணக்கில் இடுவதோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு முட்டையும் பெரியது, மஞ்சள் கரு நிறைந்தது. கண்ணாடி போன்ற கூழுக்குள் கரு வளர்வதை வெளியிலிருந்தே பார்க்கலாம்: முதலில் வெள்ளை உருண்டை, பிறகு இரண்டு கருப்புப் புள்ளிகளாகக் கண்கள், அப்புறம் அரும்பும் கால்கள். வால் ஒன்று முளைத்து, முட்டைக்குள்ளேயே சுருங்கியும் போய்விடும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் அரிசியளவில், நான்கு காலும் முழுமையான குட்டித் தவளை வெளியே வரும். இதை நேரடி வளர்ச்சி என்கிறார்கள்.

இதற்குத் தண்ணீர்க் குட்டை தேவையில்லை. ஆனால் வேறு ஒரு விலை உண்டு. முட்டைக்கு ஓடு இல்லை. அந்த ஒரு மாதமும் அது காயவே கூடாது. சுற்றியுள்ள காற்று ஏறக்குறைய முழு ஈரத்தோடு இருக்க வேண்டும். குளத்துத் தவளை நீரை நம்பியிருக்கிறது. இது மூடுபனியையும் மழையையும், அந்த ஈரத்தைப் பிடித்துவைக்கும் செடியையும் நம்பியிருக்கிறது. இதே குடும்பத்தில் சலாசோடஸ் தவளை, ஈரத்துக்காக ஈற்றை மூங்கிலின் கணுவிடைக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. தண்டில் உள்ள சிறு துளை வழியே நுழைந்து உட்சுவரில் முட்டையிடுகிறது என்பதைக் களக்காடு முண்டந்துறைக் காடுகளில் நடந்த ஆய்வு 2014இல் வெளிக்கொண்டுவந்தது.

உலகின் மற்ற உச்சிகளிலும் இதே சிக்கல்தான். தீர்வுகளும் உறவு கொண்டாடுகின்றன. தென் அமெரிக்காவில் வெனிசுலா, பிரேசில், கயானா எல்லைகள் சந்திக்கும் ரொராய்மா மேசைமலையின் மேற்பரப்பில் ஒரு கருந்தேரை இருக்கிறது. அதுவும் தாவாது, பாறைமேல் மெல்ல நடக்கும். அதற்கும் தலைப்பிரட்டைப் பருவம் இல்லை. அதன் உறவுத் தேரையொன்று ஆபத்து வந்தால் கைகால்களை மடக்கிப் பந்தாகச் சுருண்டு, கூழாங்கல்லைப்போல் சரிவில் உருண்டு தப்பிக்கிறது. ஆப்பிரிக்காவில் கினி, ஐவரி கோஸ்ட் எல்லையில் உள்ள நிம்பா மலையின் தேரை எல்லாவற்றையும் மிஞ்சியது: முட்டையே இடுவதில்லை. தாயின் கருப்பைக்குள் சுரக்கும் சத்துநீரைக் குடித்து, ஏறக்குறைய ஒன்பது மாதம் வளர்ந்து, முழு உருவத்தோடு பிறக்கிறது. அங்கும் அதன் வீடு சுமார் 1,200 மீட்டருக்கு மேலுள்ள புல்வெளிதான். மூன்று கண்டங்கள், மூன்று உயிர்கள். ஆனாலும் குட்டைக் காலும், நீரை நம்பாத பிறப்பும் பொதுவாகிவிட்டன.

## ஒரு புல்தூருக்குள் என்ன இருக்கிறது

ஆனைமுடியில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போவதுண்டு. காலையில் புல்நுனிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். பத்து மணிக்கு மேல் அதே இடத்தில் மெல்லிய காற்றின் வழியே வெயில் சுள்ளென்று அடிக்கும். மார்ச்சில் காற்று வறண்டு, புல் பொன்னிறமாகிவிடும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் நாட்கணக்கில் மழையும் மூடுபனியும் புயல்காற்றும்தான். இரண்டரை சென்டிமீட்டர் உடம்பு இத்தனையையும் எப்படித் தாங்குகிறது?

பதில் புல்லின் தூரில் இருக்கிறது. மலைப்புல் பல, தோட்டத்துப் புல்தரைபோல் சீராகப் படர்வதில்லை, கொத்துக்கொத்தாக வளரும். ஒரு கொத்தைக் கையால் விலக்கிப் பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரியும். மேலே காற்றில் ஆடும் தாள்கள். நடுவில் போன ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் காய்ந்து மடிந்த சருகுகள், கூரை வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக. அடியில் தண்டுகள் நெருங்கி நிற்கும் தூர், வேர், கருப்பு மண். மூடுபனி மேலே உள்ள தாள்களில் பட்டுத் துளியாகி, தாள் வழியே வழிந்து தூருக்கு இறங்குகிறது. நடுவிலுள்ள சருகு அந்த ஈரம் ஆவியாகாமல் மூடிவைக்கிறது. இரவில் மண்ணின் சூட்டை வெளியே விடாமல் போர்வையாகவும் இருக்கிறது. நுனியில் உறைபனி படியும்போதும் தூருக்குள் உறைவதில்லை. நுனியில் வெயில் காயும்போதும் தூருக்குள் இருட்டும் குளுமையும்தான்.

அந்தத் தவளைக்கு வீடு, கிணறு, கம்பளி, பிரசவ அறை எல்லாமே இந்த ஒரு புல்தூர்.

## மூன்று சதுர கிலோமீட்டர்

முதலில் விவரிக்கப்பட்டபோது, இந்தத் தவளை ஆனைமுடி உச்சியில் மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடத்தில் மட்டுமே இருப்பதாகக் கருதப்பட்டது. பின்னர், ஆனைமுடியை உள்ளடக்கிய இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் வேறு இடங்களிலும், கிரைசோபோகன் என்ற புல்லின் தூர்களில் பதிவாகியது. இது நல்ல செய்தி. ஆனாலும் ஆபத்துக் கணக்கு தலைகீழாகிவிடவில்லை.

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இந்தத் தவளை 'அழிவின் விளிம்பில்' என்ற பிரிவில் சேர்க்கப்பட்டது. யாரும் எண்ணிப் பார்த்து 'குறைந்துகொண்டே போகிறது' என்று சொல்லாத ஓர் உயிரை இப்படி வகைப்படுத்துவது நியாயமா என்று பலர் கேட்கிறார்கள். அந்தப் பட்டியலில் எண்ணிக்கைச் சரிவு ஒரு வழி மட்டுமே. பரப்பளவு இன்னொரு வழி:

1. பரவியுள்ள இடங்களையெல்லாம் சுற்றி ஒரு கோடு போட்டால் உள்ளே வரும் பரப்பு 100 சதுர கிலோமீட்டருக்குக் குறைவு, அல்லது உண்மையில் குடியிருக்கும் பரப்பு 10 சதுர கிலோமீட்டருக்குக் குறைவு என்றால் மிக உயர்ந்த ஆபத்துப் பிரிவுக்கு முதல் தகுதி.

2. அதோடு, ஒரே இடத்தில் மட்டும் இருப்பது அல்லது துண்டு துண்டாகச் சிதறியிருப்பது, வாழிடம் தொடர்ந்து சீரழிவது, எண்ணிக்கை கடுமையாக ஏறி இறங்குவது ஆகிய மூன்றில் இரண்டு சேர வேண்டும்.

இரவிகுளம் பூங்காவின் மொத்தப் பரப்பே 97 சதுர கிலோமீட்டர். சோலை எனப்படும் மலைக்காடு, பாறை, சரிவு எல்லாம் சேர்த்துப் பூங்கா முழுக்கத் தவளை இருப்பதாக வைத்துக்கொண்டாலும் அந்த நூறு எட்டாது.

பரப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? நாடெங்கும் பரவிய உயிருக்கு ஒரு மூலையில் தீயோ நோயோ வந்தால் மீதி இருக்கும். ஒரே உச்சியில் இருக்கும் உயிருக்கு 'மீதி' என்பதே இல்லை. கோஸ்டா ரிக்காவின் மாண்டெவெர்டே மலையில் வாழ்ந்த பொன் தேரையை இங்கே சொல்லியாக வேண்டும். பளீரென்ற ஆரஞ்சு நிறம். சில சதுர கிலோமீட்டர் மேகக்காட்டில் மட்டும் இருந்தது. 1972இலேயே அங்கே காப்பகம் அமைத்துவிட்டார்கள். 1987இல் இனப்பெருக்கக் குட்டைகளில் 1,500க்கும் மேல் எண்ணப்பட்டன. மறு ஆண்டு விரல் விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியது. 1989இல் ஓர் ஆண் தேரை. அதுதான் கடைசி. காப்பகத்தின் வேலி அப்படியே இருந்தது, மரத்தை யாரும் வெட்டவில்லை. வறட்சியும், தவளைத் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையும் காரணமாகச் சொல்லப்படுகின்றன; எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் விவாதம் உண்டு. இரண்டுமே வேலியில் நிற்பவை அல்ல.

## பூங்காவுக்குள்தானே இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்கு வந்துவிட்டோம். பூங்கா பெரிய பாதுகாப்புதான், அதில் சந்தேகமில்லை. தேயிலைத் தோட்டக்காரர்களின் வேட்டைப் புலமாக இருந்ததால் இரவிகுளத்தின் புல்வெளி தேயிலையாக மாறாமல் தப்பியது. முதுவர் பழங்குடியினர் அங்கே காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் இருந்தார்கள். 1975இல் அது சரணாலயமானது. 1978இல் தேசியப் பூங்கா. வரையாட்டுக்காக எழுந்த பாதுகாப்பு அது. வரையாடு நின்ற புல்லுக்கடியில் இப்படியொரு தவளை இருப்பது அன்று யாருக்கும் தெரியாது. தெரியாமலே காப்பாற்றினார்கள்.

காப்பாற்றப்படாத புல்வெளிகள் என்ன ஆயின? மலைப்புல்வெளியைக் 'காடு அழிந்த இடம்' என்றும் 'தரிசு' என்றும் நினைத்த காலம் நீண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி நீலகிரியிலும் பழனி மலையிலும் ஆஸ்திரேலியச் சீகை (வாட்டில்) மரமும் தைல மரமும் புல்வெளியில் நடப்பட்டன. தோல் பதனிடச் சீகைப் பட்டை, செயற்கைப் பட்டுக்குத் தைல மரக்கூழ். விடுதலைக்குப் பிறகும் அது வேகமெடுத்தே நடந்தது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு, பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் போய்விட்டது என்றது.

புல்வெளி மனிதன் காட்டை வெட்டியதால் வந்தது என்ற எண்ணம் தவறு. சூழலியலாளர் இராமன் சுகுமார் குழுவினர் நீலகிரியின் கரிச்சேற்று மண்ணை அடுக்கடுக்காக எடுத்து, அதிலுள்ள கார்பனை ஆராய்ந்து 1993இல் முடிவை வெளியிட்டார்கள். வெப்பமண்டலப் புல்லும் மரமும் கார்பனைப் பிடிக்கும் விதம் வேறு. அந்த வேறுபாடு மக்கிய பிறகும் மண்ணில் நிற்கும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் ஓங்கி இருந்ததை அந்த மண் காட்டியது. மழை கூடிய காலத்தில் சோலை விரிந்தது, வறண்ட காலத்தில் புல் விரிந்தது. சோலையும் புல்வெளியும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள்.

இன்றும் 'மரம் நடுவோம்' என்று மலைப்புல்வெளிக்குக் கன்றுகளோடு போகிறவர்கள் நல்ல மனத்தோடுதான் போகிறார்கள். ஆனால் அங்கே ஒரு கன்று வேர் பிடிப்பது ஒரு புல்தூர் சாவதற்குச் சமம். நிழல் விழுந்ததும் புல் மெலியும், சருகுக் கூரை கலையும், மண் காயும். மரம் இருக்கும், பச்சை இருக்கும், தவளை இருக்காது. மலையுச்சித் தவளையைப் பற்றிய பேச்சில் இந்த ஒரு விஷயம் பதிந்தாலே போதும் என்று நினைக்கிறேன்.

பூங்கா எல்லையில் நிற்காத ஆபத்துகள் இன்னும் மூன்று.

தீ. புல்வெளிக்குத் தீ புதிதல்ல. ஈரம் இருக்கும் பருவத்தில் சிறு பகுதியாக எரித்தால் தாள் மட்டும் கருகி, தூர் பிழைத்துத் துளிர்க்கும்; வரையாட்டுக்கு இளம்புல் கிடைக்கவும், பெருந்தீ பரவாமல் தடுக்கவும் இரவிகுளத்தில் இப்படி எரிப்பது வழக்கமாக இருந்திருக்கிறது. கோடையின் முடிவில் காய்ந்த புல்லில் பற்றும் தீ வேறு ரகம். அது சருகுக் கூரையைத் தின்று தூருக்குள் இறங்கும். தவழும் தவளையால் அதைவிட வேகமாகப் போக முடியாது. எப்போது, எவ்வளவு, எந்தத் திட்டு என்று தீர்மானிக்கும்போது ஆட்டோடு தவளையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நோய். கைட்ரிட் பூஞ்சை உலகம் முழுக்க 501 நீர்நில வாழ்வன இனங்களின் சரிவோடு தொடர்புடையது, அவற்றில் 90 அழிந்தே போயிருக்கலாம் என்று 2019இல் ஒரு பன்னாட்டு ஆய்வு கணக்கிட்டது. குளிர்ந்த, ஈரமான மலைகள்தான் அந்தப் பூஞ்சைக்கு வசதி. மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் அது பதிவாகியிருக்கிறது. ஆனால் அமெரிக்கக் கண்டங்களில் நடந்ததுபோன்ற கூட்டச் சாவு இங்கே பதிவாகவில்லை. ஒரு காட்டில் நடந்த காலணியைக் கழுவிக் காயவைக்காமல் இன்னொரு காட்டுக்குள் போகக் கூடாது என்று ஆய்வாளர்கள் கறாராக இருப்பது இதனால்தான்.

வெப்பம். இதைக் கொஞ்சம் கணக்காகவே பார்க்கலாம்.

## உச்சிக்கு மேலே இடமில்லை

பூமி சூடாகும்போது மலைவாழ் உயிர்கள் தங்களுக்கு ஏற்ற குளிரைத் தேடி மேலே நகர்கின்றன. சரிவின் நடுவில் இருப்பவற்றுக்கு மேலே இடம் இருக்கிறது. உச்சியில் இருப்பதற்கு?

1. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்றால், ஒரு டிகிரிக்குச் சுமார் 150 மீட்டர். வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால், அதே குளிர் 150 மீட்டர் மேலே போய்விடும்.

2. ஒரு மலையைக் கூம்பு என்று எடுத்துக்கொள்வோம். அதன் உச்சி 300 மீட்டரில் மட்டும் வாழும் ஓர் உயிருக்கு, ஒரு டிகிரி கூடியதும் பாதி உயரம் போய்விடும்.

3. கூம்பில் உயரம் பாதியானால் பரப்பு பாதியாகாது, கால் பங்காகும். முக்கால் பங்கு வீடு ஒரே டிகிரியில் கையை விட்டுப் போகிறது.

4. இன்னொரு டிகிரி கூடினால் கூம்பே தீர்ந்துவிடும்.

உண்மையான மலை கூம்பு அல்ல. ஆனைமுடியைச் சுற்றிய பீடபூமிக்கு அகலம் உண்டு, புல்தூரின் நுண்காலநிலையும் ஒரு கேடயம். ஆகவே இது நாள் குறித்துச் சொல்லும் ஆரூடம் ஆகாது. எந்தத் திசையில் நகர்கிறோம், எவ்வளவு வேகமாகச் சுருங்க முடியும் என்பதை மட்டும் இந்தக் கணக்கு காட்டுகிறது. வெப்பத்தைவிட முன்னதாக மூடுபனி விலகினாலும் போதும்: முட்டைக்கு ஈரம் வேண்டிய அந்த ஒரு மாதத்தில் பத்து நாள் காய்ந்த காற்று வீசினால் அந்த ஆண்டின் குஞ்சுகள் இல்லை. 2023இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டில், நீர்நில வாழ்வனவற்றில் ஏறக்குறைய 41 விழுக்காடு இனங்கள் அழியும் ஆபத்தில் இருப்பது தெரியவந்தது. 2004க்குப் பிறகு நிலை மோசமான இனங்களுக்குப் பருவநிலை மாற்றமே முதன்மைக் காரணமாக எழுந்திருப்பதையும் அது சொன்னது.

## இனி செய்யக்கூடியது

வெப்பத்தை இடுக்கி மாவட்டத்து வனக்காவலர் ஒருவரால் குறைக்க முடியாது. தவளைக்குத் தாங்கும் சக்தியைக் கூட்ட முடியும். அதற்கு வழி, அது நம்பியிருக்கும் புல்லை முழுசாக வைத்திருப்பது. திட்டுகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தால், ஒரு பக்கம் எரிந்தாலும் மறுபக்கத்திலிருந்து தவளை தவழ்ந்து வர வழி இருக்கும். மழைக்கால இரவுகளில் அழைப்பொலியைப் பதிவு செய்யும் கருவிகளை ஆண்டுதோறும் ஒரே இடங்களில் வைத்தால், தூரைக் கலைக்காமலே கூட்டம் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். படம் எடுக்க வருகிறவர்களுக்காகப் புல்தூரைப் பிரித்துக் காட்டுவதை நிறுத்த வேண்டும்; கலைத்த சருகுக் கூரை மறுபடி வேய ஆண்டுகள் ஆகும்.

கடினமான வேலை சீகையை எடுப்பது. வெட்டினால் மட்டும் போகாது. அதன் விதை மண்ணுக்குள் ஐம்பது ஆண்டுகள்வரை உயிரோடு கிடக்கும். தீ பட்டால் ஓடு வெடித்து இன்னும் வேகமாக முளைக்கும். ஒரு பெரிய மரத்தை வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்கு நூற்றுக்கணக்கான நாற்றுகள் எழும். அவற்றைக் கையால், வேரோடு, புல்தூர் பெயராமல் பிடுங்க வேண்டும். அந்த இடைவெளியில் பக்கத்திலிருந்து நாட்டுப்புல்லின் தூரைப் பிரித்து நட வேண்டும். அடுத்த ஆண்டு அதே சரிவுக்குத் திரும்பி வந்து மறுபடி பிடுங்க வேண்டும். அதற்கடுத்த ஆண்டும்.